கருங்காலி மாலையும் கியர்பாக்ஸ் செயினும்

வா கண்ணு, இப்படி சித்தெ உக்காரு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிக்கப் போறியாமா? ஊரே பேசிக்குது. நீ இன்னும் ஒரு போல்ட்டைத் தொடலை, அதுக்குள்ள ரீல் வந்துருச்சு. பின்னால பாட்டு ஓடுது, முன்னால ஸ்பேனர் மெதுவாச் சுத்துது. நெத்தியில லைட்டு. கையில நுனி வெட்டின கறுப்புக் கையுறை. கழுத்துல கருங்காலி மாலை. மணிக்கட்டுல செம்புக் காப்பு. அல்லாம் சரி, காலுக்கு வந்தா ரப்பர் செருப்பு! ஏஞ்சாமி, கையிலிருந்து நழுவுற சாமான் எங்கே போயி விழும்? நெத்தியிலயா? பாதத்துலதானே? அப்பறம் எதுக்கு நெத்திக்கு ஆயிரம் ரூபா, பாதத்துக்கு நூறு ரூபா?

மாலையைக் கழட்டி ஊட்டுல சாமி படத்துக்குப் போடு. சாமி கோவிச்சுக்காது. ஓடுற இஞ்சின் பக்கம் குனியறவன் கழுத்துல எது தொங்கினாலும், சுத்துற சாமானுக்கு அது ஒரு புடிமானம். காப்பும் மோதிரமும் இன்னும் மோசம். பேட்டரி முனைக்கும் ஸ்பேனருக்கும் நடுவுல மோதிரம் மாட்டினா, கண் மூடித் திறக்கறதுக்குள்ள பழுக்கக் காஞ்சுரும். பொண்டாட்டி போட்ட மோதிரம்ங்கிறியா? வெரல் இருந்தாத்தானே கண்ணு மோதிரம்?

நானும் சார்ஜாவுல அமெரிக்க வண்டிகளோட மல்லுக்கட்டிட்டு வந்தவன்தான். அங்கே அரேபியாக்காரன், பாகிஸ்தான்காரன், நம்ம மலையாளத்தான்னு ஆளுக்கொரு புத்தி சொன்னாங்க. நான் வச்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான். எதையும் கழட்டறதுக்கு முன்னால கேட்டுக்கோ: இதை எது தாங்கிட்டு இருக்குது? நான் கையை எடுத்தா எது விழும்? அவ்வளவுதான். இதுக்கு ஆப்பும் வேண்டாம், சந்தாவும் கட்ட வேண்டாம். ஆனா நீ இருநூத்திப் பதினாறு சாமான் போட்ட டூல் பெட்டி வாங்கியிருக்கே. அந்தப் பெட்டியில இந்தக் கேள்வி மட்டும் இல்லை.

மொதல்ல இதைச் சொல்லு. உன்ற கியர்பாக்ஸுக்குள்ள செயின் இருக்குதா? சிரிக்காதே, நெசமாத்தான் கேக்கறேன். நம்ம ரோட்டுல கிளட்ச் மிதி இல்லாம ஓடுற வண்டியையெல்லாம் ஆட்டோமேட்டிக்குன்னே சொல்லிப் பழகிட்டோம். 2014-ல செலிரியோவோட பரவின ஏ.எம்.டி. இருக்குதே, அது என்ன? பழைய கை கியர்பாக்ஸேதான். கிளட்சை அமுத்தறதுக்கும் கியர் தள்றதுக்கும் ஒரு கருவியை மேல உக்கார வச்சிருக்கான். அதுக்குள்ள டிரைவ் செயினைத் தேடினா சாயங்காலம் வரைக்கும் தேடலாம். ரெட்டைக் கிளட்ச் பெட்டியிலயும் ஓட்டத்தைக் கடத்தறது பல்சக்கரந்தான்.

செயின் இருக்கற எடம் வேற. பி.எம்.டபிள்யூவுல வர்ற ஜெர்மனி எட்டு கியர் பெட்டியில, ஆயில் பம்பைச் சுத்தறதுக்குன்னு சின்னதா ஒண்ணு உண்டு. நாலு சக்கரத்துக்கும் ஓட்டம் குடுக்கற ஜீப்புல, டிரான்ஸ்பர் கேஸுக்குள்ள பெருசா ஒண்ணு கெடக்கும். ஆடியில மல்டிட்ரானிக்னு வந்துச்சே, அதுல ரெண்டு கூம்புப் புல்லிக்கு நடுவுல இறுக்கிப் புடிச்ச செயின். எல்லாத்துக்கும் மேல, அமெரிக்காக்காரன் முன்சக்கர வண்டிப் பெட்டிக்குள்ள, இஞ்சினோட மொத்த பலத்தையும் தூக்கிச் சுமக்கற செயின். நான் சொல்ல வந்தது அதைத்தான்.

ஏன் அங்கே செயினைப் போட்டான்? இஞ்சின் குறுக்கால உக்காந்திருக்குது. டார்க் கன்வெர்ட்டரும் கியர்செட்டும் ஒரே கோட்டுல நீண்டா வண்டி அகலத்துக்குள்ள அடங்காது. அதனால கியர்செட்டைப் பக்கத்துக் கோட்டுக்கு மாத்திட்டு, ரெண்டுக்கும் நடுவுல செயின் கட்டினான். 1966-ல ஓல்ட்ஸ்மொபைல் டொரொனாடோன்னு ஒரு வண்டி வந்துச்சு. அதுல இஞ்சின் நீளவாக்குல இருக்கும், கியர்பாக்ஸ் அதுக்குப் பக்கத்துல முதுகைத் திருப்பிட்டு நிக்கும், நடுவுல ரெண்டு அங்குல அகலத்துல செயின். அந்த வி8 இஞ்சினுக்கு 385 குதிரை பலம். அத்தனையும் அந்த ஒத்தைச் செயின் வழியாத்தான் போகோணும். நாளைக்கே அறுந்துரும்னு சிரிச்சவங்க உண்டு. அறுகலை. அடுத்த வருசமே காடிலாக் எல்டொராடோவுக்கும் அதே பெட்டி. பொறவு 1973-லிருந்து ஜி.எம்.சி.க்காரன் ஊடு மாதிரி கட்டின பெரிய வண்டிக்கும் அதையே மாட்டினான்.

அதுக்கப்புறம் 1984-ல ஜி.எம். 440-டி4ன்னு ஒரு பெட்டி விட்டுச்சு. பேரு மாறி மாறி, 1997-ல 4டி65-இ ஆச்சு. நாங்க சார்ஜாவுல ப்யூக்கு, போன்டியாக்குன்னு பிரிச்சது அந்த வம்சந்தான். வோல்வோக்காரன்கூட அதை வாங்கி எஸ்80-ல மாட்டினான். வாங்கினவங்க அல்லாம் சுவீடன் கியர்பாக்ஸுன்னு பெருமை பேசினாங்க. நாங்க உள்ளே பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டோம்.

இந்தச் செயின் உன்ற டிவிஎஸ் வண்டிச் செயின் இல்லை கண்ணு. இதுல உருளை கெடையாது. பல் வச்ச தகட்டைத் தகடு தகடா அடுக்கி, குறுக்கால ஊசி கோத்திருக்கும். சத்தம் போடாது. ஹான்ஸ் ரெனால்டுன்னு சுவிஸ்ல பொறந்த மனுசன், மான்செஸ்டர்ல கடை போட்டு 1880-ல உருளைச் செயினைக் கண்டுபுடிச்சார். இந்தப் பல் செயினையும் அவரேதான் 1895-ல கொண்டாந்தார். இதுக்குப் பூட்டுக் கண்ணி கெடையாது. தொங்கிப் போச்சுன்னா ஒரு கண்ணியை வெட்டி இழுத்துக் கட்டிரலாம்னு ஒருத்தன் எங்கிட்டயே சொன்னான். நான் ஒண்ணும் சொல்லலை. ஒரு டீ வாங்கிக் குடுத்துத் தாட்டி விட்டேன்.

சரி, சோலிக்கு வருவோம். வண்டிக்கு அடியில போறதுக்கு முன்னால அதே கேள்வியைக் கேளு. வண்டியை எது தாங்குது? ஜாக்கின்னு சொன்னே, தொடப்பத்தை எடுத்துருவேன். ஜாக்கி தூக்கறதுக்கு, ஸ்டாண்டு தாங்கறதுக்கு. அதுவும் தரை மட்டமா, கெட்டியா இருக்கோணும். தார் ரோட்டு ஓரத்துல வேப்பமர நிழல் நல்லாத்தான் இருக்கும், ஆனா வெயில்ல எளகின தாருல ஸ்டாண்டு இறங்கிரும். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் குடுக்கற புத்திசாலி இன்னும் நம்மூர்ல இருக்கான். அந்தக் கல்லு உடையறப்ப சொல்லிட்டு உடையாது.

அடுத்தது, இஞ்சினை எது தாங்குது? இதுலதான் படிச்சவனே வழுக்கறான். முன்சக்கர வண்டியில கியர்பாக்ஸை எறக்கோணும்னா அடிச்சட்டத்தைக் கழட்டோணும். இஞ்சின் உக்காந்திருக்கறதே அந்தச் சட்டத்து மேலதான். மேலிருந்து குறுக்கால ஒரு பாரைப் போட்டு, கொக்கி மாட்டி, இஞ்சினைத் தொங்க விட்டுட்டுத்தான் சட்டத்துல கை வைக்கோணும். அதை மறந்துட்டு நாலு போல்ட்டைக் கழட்டினா, அஞ்சாவதை நீ கழட்ட வேண்டாம், அதுவே கழண்டுக்கும்.

மூணாவது, கன்வெர்ட்டரை எது தாங்குது? ஒண்ணுமே இல்லை! பெட்டியை இஞ்சினை விட்டுப் பிரிச்ச பொறவு, அந்தக் கனத்த உருண்டை தண்டு மேல சும்மாதான் செருகிக்கிட்டு நிக்கும். வயித்துக்குள்ள ஆயில் வேற. பெட்டி முன்பக்கம் சித்தெ சாஞ்சாப் போதும், வழுக்கிட்டு வந்து உன்ற காலுல உக்காரும். நீ போட்டிருக்கறது ரப்பர் செருப்பு. குறுக்கால ஒரு பட்டையை வச்சு ரெண்டு போல்ட்டைப் போட்டுக் கட்டு. அதுக்கு ஜெர்மனி கிட் வேண்டாம், பழைய இரும்புப் பட்டை போதும்.

ஆயிலை வடிக்கற சமாச்சாரம் ஒரு வார்த்தையில சொல்லிடறேன். ஓடி வந்த வண்டியில ஆயில் 80, 90 டிகிரி இருக்கும், சைலன்சர் குழாய் அதுக்கும் மேல. ஆறட்டும். நீயும் அதுவரைக்கும் ஆறு.

இப்பப் பெட்டி மேசை மேல வந்தாச்சு. செயின் பக்கம் மேல பார்க்கற மாதிரி நிறுத்து, உருளாம முட்டுக் குடு. நம்மூர்ல இந்த நேரத்துக்குன்னே நாலு பேரு வந்து சுத்தி நிப்பாங்க, பார்த்திருக்கியா? டீக்கடையிலிருந்து ஒருத்தன், எதுத்த பஞ்சர் கடையிலிருந்து ஒருத்தன், வண்டிக்காரனோட மச்சான் ஒருத்தன். நாலாவது ஆளு யாருன்னு எந்தக் கடையிலயும் யாருக்கும் தெரியறதில்லை. பழமை பேசிட்டு இருப்பாங்க. மூடியைக் கழட்டி செயின் கண்ணுல பட்டதும் ஒருத்தனுக்குக் கை துறுதுறுங்கும். "சுத்துதான்னு பார்ப்பமே"ன்னு தண்டைப் புடிச்சு ஒரு திருப்புத் திருப்புவான். அப்ப உன்ற வெரல் எங்கே இருக்குது? செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவுல.

கரண்ட் வேண்டாம், இஞ்சின் வேண்டாம். கையால திருப்பினாலே போதும், பல்லு இடுக்குல வெரல் நசுங்கிரும். கையுறை காப்பாத்தும்ங்கிறியா? அதுதான் மொதல்ல உள்ளே போகும், வெரலையும் கூட்டிக்கிட்டு. அதனால செயின் தெறந்து கெடக்கறப்ப தண்டைத் திருப்பறது ஒரே ஒரு ஆளு, அதுவும் வாயால சொல்லிட்டுத் திருப்பற ஆளு. மத்த மூணு பேருக்கும் டீ சொல்லி அக்கட்டால அனுப்பு. டீக்காசு அறுபது ரூபா. ஒரு வெரல் என்ன வெலைன்னு ஆஸ்பத்திரியில கேட்டுப் பாரு.

செயினைத் தூக்கறதுக்கு முன்னால உன்ற போனை எடு. அட, நெசமாத்தான். ரீல் எடுக்கறவனைத் திட்டறேன், போனைத் திட்டலை. செயினோட எந்த மூஞ்சி வெளிய பார்க்குதுன்னு படம் புடி. இந்த ஜி.எம். செயின்ல ஒரு கண்ணி மட்டும் நெறம் மாறி இருக்கும், இல்லைன்னா மேல எழுத்து வெட்டியிருக்கும். அந்த மூஞ்சி மூடிப் பக்கம் பார்த்தே திரும்பப் போகோணும். நெறம் அழிஞ்சு போயிருந்தா நீயே ஒரு சொட்டுப் பெயிண்ட் வையி. ஓடித் தேஞ்ச செயின் ஒரு திசைக்குப் பழகியிருக்கும். கவுத்துப் போட்டா சத்தமும் போடும், தேயவும் செய்யும். நூறு ரீல்ல சம்பாதிக்காததை இந்த ஒரு போட்டோ சம்பாதிச்சுக் குடுக்கும்.

படம் புடிச்சாச்சா? இப்பப் போனைக் கீழே வையி. தூக்கறதுக்கு ரெண்டு கையும் வேணும். ரெண்டு பல்சக்கரத்தையும் செயினையும் ஒட்டுக்காத் தூக்கோணும். அதுதான் சூட்சுமம். ரெண்டு மாட்டையும் ஒரே நேரத்துல நுகத்துலிருந்து அவுக்கறதில்லையா? ஒண்ணை அவுத்துட்டு இன்னொண்ணை விட்டா வண்டி என்னாகும்? அதேதான் இதுவும். ஒரு சக்கரம் மட்டும் மேல வந்தா செயின் சாஞ்சு இறுகிக்கும். உடனே நீ என்ன செய்வே? இருநூத்திப் பதினாறுல பெரிய ஸ்குரூ டிரைவரைத் தேடுவே. நெம்புவே. பெட்டி அலுமினியம், ஸ்குரூ டிரைவர் இரும்பு. நெம்பின எடத்துல பள்ளம் விழும். பள்ளம் விழுந்தா ஆயில் கசியும். கசிஞ்சா, "கம்பெனி பேக்கிங் சரியில்லைங்க"ன்னு வண்டிக்காரன் கிட்ட நீ பொய் சொல்லோணும். எத்தனை வேலை பாரு!

வர மாட்டேங்குதுன்னா கெஞ்சு. ரெண்டு பக்கமும் ஒரே அளவா, கொஞ்சம் கொஞ்சமா ஆட்டிக்கிட்டே எடு. சர்க்கிளிப் ஏதாச்சும் மிச்சமிருக்குதான்னு மறுபடி குனிஞ்சு பாரு. பாதிப் பேருக்கு வராததுக்குக் காரணமே அதுதான். அந்தச் சர்க்கிளிப்பைக் கழட்டறப்பக் கண்ணாடி போடு. கூலிங் கிளாஸ் இல்லை கண்ணு, வேலைக் கண்ணாடி. விருட்டுனு தெறிச்சா அது நேரா வர்றது கண்ணுக்குத்தான். சுத்தியலால பல்சக்கரத்தைத் தட்டாதே. இரும்பை நெருப்புல வாட்டிக் கெட்டியாக்கின பல்லு அது. இரும்புச் சுத்தி பட்டாச் சில்லு தெறிக்கும். தட்டித்தான் ஆகோணும்னா பித்தளை ராடு, இல்லைன்னா ரப்பர் சுத்தி.

தூக்கின கையோட அப்படியே மேசைக்குப் போயிராதே. திருப்பிப் பாரு. சக்கரத்துக்கு அடியில மெல்லிசா ஒரு வாசர் ஆயில்ல ஒட்டிக்கிட்டே வரும். திரஸ்ட் வாசர்னு பேரு. பாதி தூரம் வந்து சத்தமில்லாம விழும். பெட்டிக்குள்ள விழுந்தா அடுத்த வாரம் அரைபடும். தரையில விழுந்தா பஞ்சர் கடைக்காரன் கால்ல ஒட்டிக்கிட்டுப் போயிரும். நீ எல்லாத்தையும் பூட்டி முடிச்சு, கையைக் கழுவி, மாலையைத் திரும்ப மாட்டி, ரெண்டாவது ரீலும் போட்ட பொறவு மேசை மேல ஒரு வாசர் உன்னைப் பார்த்துச் சிரிக்கும். அப்ப நம்ம ஆளுங்க ஒரு சாமர்த்தியம் பேசுவாங்க: "கம்பெனிக்காரன் எச்சாப் போட்டு அனுப்பிட்டான்." கம்பெனிக்காரன் ஒரு வாசர் எச்சாப் போடற ஆளா? காசு மிச்சம் புடிக்க போல்ட்டுல ஒரு திருகைக் கொறைக்கற ஆளு அவன்!

மாட்டறப்ப அந்த வாசர் விழாம இருக்க என்ன செய்யறது? கிரீஸா? கிரீஸ் ஆயில்ல கரையாது, போயி வால்வு துவாரத்துல அடைச்சுக்கும். வாசலின் தடவு. மருந்துக் கடையில பத்து ரூபாய்க்கு டப்பி. ஆயில் சூடானாக் கரைஞ்சு காணாமப் போயிரும். அமெரிக்காக்காரனோட புத்தகத்துலயே அதுதான் எழுதியிருக்குது. நீ ஆன்லைன்ல ஆயிரத்து எண்ணூறு ரூபா குடுத்து வாங்கின பச்சைக் களிம்பு வேலை செய்யாதுன்னு சொல்லலை. அதுவும் வேலை செய்யும். வாசலினுக்குச் சொந்தக்காரன்தான் அதுவும், கொஞ்சம் வசதியான சொந்தக்காரன்.

இப்பச் செயினைப் பாரு. தேஞ்சிருக்குதா? "இழுவை கண்டுருச்சு"ம்பாங்க. இரும்பு நீளறதில்லை சாமி. ஊசியும் தகடும் உரசற எடம் கண்ணிக்குக் கண்ணி துளித்துளியாத் தேயுது. அத்தனையும் சேர்ந்தா செயின் தொங்குது, பெட்டிச் சுவத்துல அடிக்குது. இதை அளக்க லேசர் வேண்டாம். சக்கரம் ரெண்டும் அதனது எடத்துல இருக்கறப்ப, ஒரு பக்கத்துச் செயினை நடுவுல வெளிய தள்ளி ஒரு கோடு, உள்ளே தள்ளி ஒரு கோடு. நடுவுல எவ்வளவு? பழைய ஜி.எம். பெட்டிக்கு 27 மில்லிமீட்டர் வாக்குல, அதாவது ஒரு அங்குலத்துக்குச் சித்தெ மேல போயிருச்சுன்னா மாத்தோணும். வேற கம்பெனின்னா அவனவன் புத்தகத்தைப் பாரு. தள்றது ஸ்கேலால தள்ளு, வெரலைக் கொடுத்துத் தள்ளாதே.

மாத்தறதுன்னா செயினை மட்டும் மாத்தினாப் போதாது. தேஞ்ச பல்லுல புதுச் செயினைப் போட்டா, பல்லு செயினையும் தன்ற வழிக்குக் கொண்டாந்துரும். சரி, பழைய பெட்டியிலிருந்து ஒரு ஜோடிச் சக்கரம் எடுத்துப் போடலாமா? போடலாம், எண்ணிட்டுப் போடு. இந்த வம்சத்துல 35க்கு 35, 37க்கு 33, 33க்கு 37ன்னு ஜோடிங்க உண்டு. கூட்டிப் பாரு, எல்லாமே 70. அப்ப செயின் எதுலயும் கச்சிதமா உக்காந்துக்கும். உனக்கும் சந்தோசம், செயினுக்கும் சந்தோசம். ஆனா வேற ஜோடியா இருந்தா, ரோட்டுல போறப்ப வண்டி மந்தமாப் போகும், இல்லைன்னா இஞ்சின் அலறும். கம்ப்யூட்டர் வேற, "என்னமோ தப்பு நடக்குது"ன்னு லைட்டைப் போடும். நீ ஸ்கேனரை மாட்டி ரெண்டு நாள் சென்சாரைத் தேடுவே. பல்லை எண்ணியிருந்தா ரெண்டு நிமிசம்!

கழுவறதைப் பத்தி ஒரு வெசனம் எனக்கு. பெட்ரோல்ல கழுவாதே. பக்கத்துலயே வெல்டிங் கடை, எதுத்தாப்புல டீக்கடை அடுப்பு, நாலாவது ஆளு வாயில பீடி. மண்ணெண்ணெய், இல்லைன்னா அதுக்குன்னு வர்ற திரவம். தொடைக்கறதுக்குப் பனியன் வேஸ்ட் எடுத்துக்கிட்டியா? இந்தத் திருப்பூர்க்காரன் வாயாலயே சொல்றேன், ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள்ள அது போகக் கூடாது. நூல் உதிரும். ஒரு நூல் போயி வால்வுல சிக்கினா, நீ பிரிச்சதெல்லாம் மறுபடி பிரிக்கோணும். நூல் உதிராத துணி வாங்கு. வெறுங்கையால செயினை வழிக்காதே; தகட்டு ஓரம் கிழிக்கும், ஆயில்ல கெடக்கற இரும்புப் பொடி வெரலுக்குள்ள குத்திக்கும். மெல்லிசு ரப்பர் கையுறை போடு, சுத்தற சாமான் எதுவும் பக்கத்துல இல்லாதப்ப. உன்ற கறுப்புக் கையுறையைத்தான் நுனியை வெட்டிட்டியே, எந்த எடத்துக்கு வேணுமோ அந்த எடத்தை!

காத்தடிச்சு ஒணத்தலாம். ஆனா பேரிங்கையும் பல்சக்கரத்தையும் காத்து அடிச்சு "விர்ர்ர்"னு சுத்த விட்டு வேடிக்கை பார்க்கற பழக்கம் ஒண்ணு இருக்குதே, அதை விடு. அந்தச் சத்தம் கேக்க நல்லாத்தான் இருக்கும். எண்ணெய் இல்லாம அந்த வேகத்துல சுத்தினா பேரிங்கு கீறிரும். சிதறினா குண்டு எங்கே பாயும்னு யாருக்குத் தெரியும்? காத்துக் குழாயை மேலுல புடிச்சு வேர்வை ஆத்தறதும் அதே கிறுக்குத்தான். தோலுக்குள்ள காத்துப் போச்சுன்னா டாக்டருக்கே கை நடுங்கும்.

ஆடி மல்டிட்ரானிக்கு, அதே மாதிரி கூம்புப் புல்லி வச்சு இப்ப வர்ற சி.வி.டி. வண்டிங்க பக்கம் போனீன்னா கொஞ்சம் அடக்கம் வேணும். புல்லியோட மூஞ்சி கண்ணாடியாட்டம் வழவழன்னு இருக்கும். அதுல ஒரு கீறல் விழுந்தாப் பெட்டி போச்சு. உள்ளே ஸ்பிரிங் இருக்குது, நெம்பித் தெறக்கப் பார்க்காதே. பாதிக்கு மேல சி.வி.டி.யில இருக்கறது செயினே இல்லை, இரும்புப் பெல்ட்டு. மெல்லிசு வளையத்துல நூத்துக்கணக்குல சின்னச் சின்ன இரும்புத் துண்டைக் கோத்திருப்பான். வளையத்து ஓரம் பிளேடு. தனியாத் தூக்கி முறுக்கினா துண்டுங்க கொட்டிரும். கொட்டினதை வரிசையா அடுக்கறதுக்குள்ள உனக்குத் தலை நரைச்சுரும். எடுக்கறதுக்கு முன்னாலயே நாலு எடத்துல கட்டிப்போடு, அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு எழுதி வையி. ஸ்பெசல் கருவி இல்லையா? அப்ப அந்தப் பெட்டியைக் கருவி இருக்கறவன் கிட்ட அனுப்பு. இதுல மானப் பிரச்சினை ஒண்ணும் இல்லை. மாடு ஈத்துக்குக் கஷ்டப்பட்டா டாக்டரைக் கூப்பிடறதில்லையா?

ஒண்ணு மட்டும் உன்ற பக்கம் பேசறேன். அந்த டார்க் ரென்ச் வாங்கியிருக்கே பாரு, அது தண்டச் செலவு இல்லை. அலுமினியத்துல மரை. கை பலத்தைக் காட்டினா மரை வழண்டுரும். எங்க காலத்துல மணிக்கட்டே ரென்ச்சுன்னு பீத்திக்கிட்டவங்க, வழண்ட மரைக்கு ஊசி நூல் கோக்காத குறைதான். மூடி போல்ட்டுங்க ஒரே நீளமாவும் இருக்காது. அட்டையில பெட்டிப் படம் வரைஞ்சு எந்த ஓட்டையோ அங்கேயே குத்தி வையி. புதுச் செயினைக் காய்ஞ்ச நெலமையில மாட்டாதே, அந்தப் பெட்டிக்கான ஆயில்ல முக்கிட்டு மாட்டு. எறக்கறப்பவும் ஒட்டுக்காத்தான். கன்வெர்ட்டரைத் திரும்ப உக்கார வைக்கறப்ப லேசாச் சுத்திக்கிட்டே உள்ளே தள்ளு, படி படியா "டொக்கு டொக்கு"ன்னு எறங்கும். முழுசா எறங்காம போல்ட்டைப் போட்டு இழுத்தா எதையோ உடைச்சுட்டுத்தான் நிப்பே.

வடிச்ச ஆயிலை டின்ல புடிச்சு வச்சு, பழைய ஆயில் எடுக்க லைசென்ஸ் வாங்கினவனுக்குக் குடு. சாக்கடையில ஊத்தாதே. நொய்யலுக்குச் செய்ய வேண்டியதைச் சாயப்பட்டறைக்காரங்க ஏற்கெனவே செஞ்சு முடிச்சுட்டாங்க, நீ செய்யறதுக்கு ஒண்ணும் பாக்கி இல்லை.

கடைசியா ஒரு கேள்வி. வண்டிக்காரன் கிட்ட எப்பத் தர்றேன்னு சொல்லியிருக்கே? என்னது, நாளைக்குச் சாயங்காலமா? எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு? செயின் தானா யாரையும் கடிக்கறதில்லை கண்ணு. சாயங்காலம் தர்றேன்னு வாக்குக் குடுத்துட்டு, நாலு மணிக்குப் பதறிக்கிட்டு, ஸ்டாண்டு வைக்காம, கட்டாம, பார்க்காம கையை உட்டவனைத்தான் கடிச்சிருக்குது. சார்ஜாவுல வெரல் போனவங்கள்ல முக்காவாசிப் பேரு அவசரத்துல போனவங்க, மிச்சம் வியாழக்கிழமை ராத்திரி போனவங்க. விடிஞ்சா லீவு பாரு. போயி அவன்கிட்ட இன்னும் மூணு நாள் கேளு. குடுத்தாச் செய்யி. குடுக்கலைன்னா, பெட்டியில கை வைக்காம வண்டியை வேற கடைக்குத் தாட்டி விடு. போறப்ப அந்த பஸ் ஸ்டாண்டு செருப்புக் கடையில முன்னாடி இரும்பு வச்ச பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிட்டுப் போ.